பெயர் சொல்லாமல் ஒலித்த குரல்

அன்புள்ள அக்கா,

இன்று காலை உங்கள் வீட்டிலிருந்து மீன் பொரிக்கும் மணம் வந்தது. உங்கள் வீடு என்று பழக்கத்தில் எழுதிவிட்டேன். போன மாதமே அங்கே வேறு ஆட்கள் குடிவந்துவிட்டார்கள். ஒரு நாள் லிஃப்டில் அந்தப் பெண்ணைப் பார்த்தேன். பிலிப்பீன்ஸ்காரி, முப்பது வயதிருக்கும், தோளில் ஒரு கைக்குழந்தை. அவள் தலையாட்டினாள், நானும் தலையாட்டினேன். அவ்வளவுதான் எங்கள் பழக்கம்.

ரொறன்ரோவின் சென் ஜேம்ஸ் ரவுணில் இந்தக் கட்டடத்தைக் கட்டியவர்கள் சுவர்களையெல்லாம் தடிப்பாகத்தான் கட்டினார்கள். குளியலறையில் காற்றுப் போகிற வென்டை மட்டும் ஏனோ ஊர்க்கிணறு மாதிரி எல்லோருக்கும் பொதுவாக வைத்துவிட்டார்கள். மேல்வீட்டில் என்ன சமையல், யாருக்கு இருமல், யாருக்கும் யாருக்கும் சண்டை என்பதெல்லாம் அந்தச் சின்னக் கம்பிச் சதுரத்தின் வழியாகக் கீழே இறங்கிவிடும். நீங்களும் அந்த வழியாகத்தான் முதலில் எங்கள் வீட்டுக்குள் வந்தீர்கள். நாங்கள் கனடாவுக்கு வந்த புதிது. காலையில் முகம் கழுவும்போது ஒரு பெண்குரல் மேலே ஏறும், நிற்கும், படிப்படியாக இறங்கும். சொல் ஒன்றும் இருக்காது. என் கணவர் தலையை நிமிர்த்திக் கேட்டுவிட்டு, மேலே யாருக்கோ பல்வலி போலிருக்கிறது, பாவம் என்றார். அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் உங்களுக்குப் பெயர் பல்லுக்குத்து அம்மா. உங்களிடம் இதை ஒரு நாளும் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பீர்கள்.

மணம் வந்ததும் நான் என்ன செய்தேன் தெரியுமா? போட்ட தேத்தண்ணியை வைத்துவிட்டுக் குளியலறைக்குள் ஓடினேன். மணம் வந்தால் குரலும் வரும் என்று என் கால்கள் நினைத்துவிட்டன. ஓடிப்போய் வென்டுக்குக் கீழே நின்ற பிறகுதான் புத்தி வந்தது. அதற்குப் பிறகும் ஒன்று நடந்தது. அதைக் கடைசியில் சொல்கிறேன். முன்னுக்கு நடந்ததைச் சொல்லாமல் அதைச் சொன்னால், சம்பந்தப்பட்ட உங்களுக்கே விளங்காது.

உங்களை நான் முகம் பார்த்தது என் கணவரின் செத்தவீட்டில். காலையில் வேலைக்குப் போன மனிதர், மத்தியானம் ஆஸ்பத்திரியில் உயிரோடு இல்லை. தமிழ்க் குருவானவர் அந்த வாரம் ஊரில் இல்லாததால், டவுன்ரவுணில் ஒரு பெரிய இங்கிலிஷ் கோயிலில் பூசை வைத்தார்கள். பாடுவதற்கு ஆளும் கோயிலோடு சேர்ந்தே வந்தது. அந்த ஆள்தான் நீங்கள். கறுப்பு உடுப்பு, கழுத்தில் ஒரு பழைய சால்வை, அறுபதைத் தாண்டிய பெண். பெட்டியை வெளியே எடுக்கிற நேரம் பிரியாவிடைப் பாட்டைத் தொடங்கினீர்கள்.

நான் யாழ்ப்பாணத்துப் பாசையூர்க்காரி. எங்கள் கடற்கரையில் ஒருவரை வாய் மூடி அனுப்புகிற வழக்கம் இல்லை. அவர் என்ன வேலை செய்தார், எந்தக் கடலில் எந்தக் காற்றில் தப்பினார், யாருக்கு என்ன வாங்கிக் கொடுத்தார் எல்லாவற்றையும் இராகமாகச் சொல்லி அழுதுதான் அனுப்புவோம். அன்றைக்குக் காலையிலிருந்து என் மச்சாள் என் காதுக்குள் ஒன்றையே சொல்லிக்கொண்டிருந்தாள். "இஞ்சை கத்தாதை, இது வெள்ளையளின்ர கோயில்." நானும் உதட்டைக் கடித்துக்கொண்டுதான் இருந்தேன். பெட்டி என்னைக் கடந்து போனதும் உதடு என் பேச்சைக் கேட்கவில்லை. உங்கள் பாட்டுக்கு நடுவிலே என் அழுகை எழும்பிவிட்டது.

மச்சாள் என் கையைக் கிள்ளினாள். குருவானவர் திரும்பிப் பார்த்தார். நீங்கள் பாட்டை நிறுத்தினீர்கள். ஓர்கன் வாசித்தவருக்குக் கையைக் காட்டி அதையும் நிறுத்தினீர்கள். நான் அழுது முடிக்கும்வரை இரண்டு கைகளையும் வயிற்றுக்கு முன்னால் கோத்துக்கொண்டு, அசையாமல் நின்றீர்கள். நான் முடித்ததும் என் பக்கம் திரும்பித் தலை குனிந்தீர்கள். அதன் பிறகுதான் விட்ட இடத்திலிருந்து தொடங்கினீர்கள்.

அன்று அது எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. எட்டாம் நாள் சடங்கு முடிந்து இரண்டு நாளில் நீங்கள் கதவைத் தட்டியபோதுதான் விளங்கியது. கையில் சீரகம் போல ஏதோ தூவிய ஒரு ரொட்டி. கோயிலில் விலாசம் கேட்டு வந்தேன், மேல்வீட்டுப் பெண் நான்தான் என்றீர்கள். அன்றைக்கு அறிவிக்காமல் வேறொருவரின் இடத்தில் தொடங்கியதற்கு மன்னிப்புக் கேட்க வந்தேன் என்றீர்கள். அந்த இடத்தில் பாட வேண்டியவள் நான்தான், குடும்பத்தார் என்னைத்தான் ஒழுங்குபண்ணி வைத்திருக்கிறார்கள், கோயில்காரர் உங்களுக்குச் சொல்ல மறந்துவிட்டார்கள் என்று நினைத்திருக்கிறீர்கள். ஒருவர் பாடும்போது இன்னொருவர் மேலே விழுந்து பாடக் கூடாது, அது உங்கள் தொழிலின் முதல் மரியாதை. சங்கீதம் எங்கே படித்தாய் என்று கேட்டீர்கள். எனக்குச் சிரிப்பு வந்தது. அவர் போன பிறகு நான் முதல் முதல் சிரித்தது அப்போதுதான். படிக்கவில்லை, அழுதேன் என்றேன். நீங்கள் நம்பவில்லை.

"ஒரு சொல்லை மிக நீளமாகப் பிடித்தாயே, அது என்ன சொல்?" என்று கேட்டீர்கள்.

அது என் கணவரின் பெயர். மரியதாசன். எங்கள் பக்கத்தில் என் வயதுப் பெண்கள் புருஷனின் பெயரைச் சொல்ல மாட்டோம். இஞ்சாருங்கோ என்போம், பிள்ளையின்ர அப்பா என்போம். இருபது வருஷம் ஒரே வீட்டில் இருந்தும் அந்தப் பெயரை நான் அவருக்குக் கேட்க உச்சரித்ததே இல்லை. கோயிலில் அழுதபோதுதான் வாய் திறந்து கூப்பிட்டேன். நான் கத்தியதைவிட அதுதான் மச்சாளுக்குப் பெரிய அதிர்ச்சி. இதை என் உடைந்த இங்கிலிஷில் உங்களுக்குச் சொல்லி முடிக்க வெகுநேரம் எடுத்தது. நீங்கள் ரொட்டியை மேசையில் வைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டீர்கள். பெயரைச் சொல்லாமல் வைத்திருந்து கடைசியில் சொல்கிறீர்களா என்று மெதுவாகக் கேட்டீர்கள். உங்கள் கண் கலங்கியிருந்தது. அதற்குக் காரணம் என் புருஷன் இல்லை என்பது பின்னால்தான் தெரிந்தது.

உங்களையும் பெயர் சொல்லிக் கூப்பிடச் சொன்னீர்கள். என் வாய் அதற்கு வரவில்லை. என்னைவிட மூத்த ஒருவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் என் அம்மா கல்லறைக்குள்ளிருந்து எழும்பி வந்து வாயில் அடிப்பா. அக்கா என்றேன். அதற்கு என்ன பொருள் என்று கேட்டுத் தெரிந்துகொண்டீர்கள். எனக்குத் தங்கை இருந்ததில்லை, சரி என்றீர்கள்.

அதற்குப் பிறகு எத்தனை பின்னேரங்கள், அக்கா. நான் ஹோட்டல் லோன்றியில் துணி தோய்க்கிற வேலை முடிந்து வருவேன். உங்கள் வீட்டு யன்னலோரத்தில் உட்காருவோம். உங்கள் இங்கிலிஷிலும் ஓட்டை, என்னுடையதிலும் ஓட்டை. ஓட்டைகள் வேறு வேறு இடத்தில் இருந்தபடியால் எப்படியோ கதை ஓடியது.

உங்கள் அப்பா செக் நாட்டில் ஒரு சின்ன ஸ்டேசனின் மாஸ்டர். ஒலிபெருக்கி இல்லாத ஸ்டேசன். ரெயில் வந்து நின்றதும் ஊர்ப்பெயரைக் கூப்பிட வேண்டும், இல்லாவிட்டால் பனிமூட்டத்தில் ஆட்கள் இறங்காமல் போய்விடுவார்கள். அப்பாவுக்குத் தொண்டை கட்டிய ஒரு குளிர்காலத்தில் அந்த வேலை உங்களிடம் வந்தது. பெயரின் கடைசியில் இழுக்காதே, நடுவில் நில், அப்போதுதான் கடைசிப் பெட்டிக்கும் கேட்கும் என்று அப்பா சொல்லித் தந்தாராம். பிர்னோ நகரத்துச் சங்கீதக் கல்லூரியில் பெரிய பெரிய ஆசிரியர்கள் சொல்லித் தந்ததெல்லாம் அதற்கு மேல் ஒன்றுமில்லை என்பீர்கள்.

கல்லூரி முடித்ததும் பிர்னோவிலேயே ஓப்பரா மேடை. முதலில் கூட்டத்தோடு கூட்டமாக, பிறகு தனி வேடம். உங்களுடையது நடுக்குரல். உச்சத்தில் பாடுகிறவளுக்குக் காதலனும் கலியாணமும் கிடைக்கும், நடுக்குரல்காரிக்குக் கிடைப்பது அம்மா, தாதி, சூனியக்காரி என்று கணக்குச் சொன்னீர்கள். இருபத்தைந்து வயதில், வயிறு வைத்த ஐம்பது வயதுக் கதாநாயகனுக்கு நீங்கள் அம்மா. மேடையில் அவரை மடியில் கிடத்தி அழ வேண்டும். அவர் மடியில் விழுகிற ஒவ்வொரு தடவையும் என் மூச்சு போய்விடும், அதனால்தான் என் மூச்சுக்கட்டுப்பாடு இவ்வளவு நல்லது என்று சொல்லிச் சொல்லிச் சிரிப்பீர்கள். மேடையில் என்னை ஒருவரும் காதலித்ததில்லை என்பீர்கள். மேடைக்கு வெளியே என்று நான் கேட்டால் தேநீர் ஊற்ற எழும்பிவிடுவீர்கள்.

ஒரு தரம் என்னை இங்கே ஓப்பரா ஒத்திகைக்குக் கூட்டிக்கொண்டு போனீர்கள். எனக்குப் பயம், நித்திரை வந்துவிடுமோ என்று. திரை விலகியது. ஒரு ராசா வந்து தான் ராசா என்று பாட்டாகச் சொன்னார். மந்திரி வந்தார், அவரும் பாட்டாகவே சொன்னார். சண்டையும் பாட்டு, சாவும் பாட்டு. எனக்கு உடனே விளங்கிவிட்டது. இது எங்கள் கூத்துத்தானே, உடுப்புத்தான் வேறு. பாசையூர்க் கோயில் முற்றத்தில் விடிய விடியப் பார்த்தவளுக்கு இது என்ன பெரிய காரியம். உங்கள் காதுக்குள் அதைச் சொன்னேன். உஸ் என்று என் தொடையில் அடித்தீர்கள். வெளியே வந்ததும் கூத்தைப் பற்றி முழுக்கச் சொல்லச் சொல்லி, வந்த ஸ்ட்ரீட்கார் வண்டிகள் இரண்டை ஏறாமல் விட்டுவிட்டுக் குளிருக்குள் நின்று கேட்டீர்கள். என்னிடம் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டுமென்று அப்படி நின்று கேட்ட ஆள் இந்த ஊரில் வேறு யாரும் இல்லை.

வியன்னாவில் ஒரு கச்சேரிக்கு நீங்கள் போயிருந்த வேளையில்தான் உங்கள் நாட்டுக்குள் ரஷ்ய டாங்கிகள் வந்தன. உடனே திரும்பச் சொல்லி நாடக அரங்கிலிருந்து சொல்லி அனுப்பினார்கள். நீங்கள் திரும்பவில்லை. ஒரு சூட்கேஸ், அதற்குள் கச்சேரி உடுப்பு ஒன்று, சால்வை ஒன்று. எங்கள் ஆட்கள் எல்லோரிடமும் இருக்கிற கதைதான். உங்கள் கதையில் ஒன்று மட்டும் எனக்குப் புதிது. அங்கே நீங்கள் பாடிய நாட்டுப்பாடல்கள் இசைத்தட்டாக இருந்தன. ரேடியோக்காரருக்கு அந்தப் பாடல்கள் வேண்டும், ஓடிப்போனவளின் பெயர் வேண்டாம். அதனால் பாட்டைப் போட்டார்கள், பெயரை எடுத்துவிட்டார்கள். அடுத்ததாக ஒரு நாட்டுப்பாடல் என்று மட்டும் அறிவிப்பாளர் சொல்வாராம். தட்டைத் திரும்ப அச்சடித்தபோது உறையிலிருந்தும் உங்கள் பெயர் போய்விட்டது.

வருஷங்கள் கழித்து, ஆட்சி மாறிய பிறகு நீங்கள் ஒரு தடவை ஊருக்குப் போனீர்கள். அம்மா இல்லை, அப்பா இல்லை. பக்கத்து வீட்டுக்காரி ஒன்று சொன்னாளாம். உங்கள் பாட்டு ரேடியோவில் வந்தால் உங்கள் அப்பா தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொள்வாராம். பாட்டு முடிந்ததும், அறிவிப்பாளர் விட்ட இடத்தில், உங்கள் பெயரைத் தானே உரத்துச் சொல்வாராம். ஸ்டேசனில் கூப்பிடுவதுபோல, நடுவில் நின்று. அதைச் சொல்லும்போது நீங்கள் யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டீர்கள். ரொட்டியோடு வந்த நாளில் ஏன் கண் கலங்கினீர்கள் என்பது அப்போதுதான் எனக்கு வெளித்தது.

ரொறன்ரோவில் உங்களை ஒருவருக்கும் தெரியாது. முதல் குளிர்காலம் ஒரு பெரிய கடையில் கையுறை விற்றீர்கள். குரல் கேட்டவர்களெல்லாம் குரல் அருமை, இங்கிலிஷ் உச்சரிப்புத்தான் என்று இழுத்தார்கள். இங்கேயும் கூட்டத்தோடு கூட்டம், இங்கேயும் தாதி, சூனியக்காரி. அதனால் கச்சேரிப் பக்கம் திரும்பினீர்கள். கிறிஸ்து பிறந்த நத்தாருக்கும் பெரிய வெள்ளிக்கும் ஒன்ராறியோவின் சின்னச் சின்ன ஊர்க் கோயில்களில் வேதாகமக் கதைகளைப் பாட்டாகப் பாடுகிற கச்சேரிகள். பஸ்ஸில் போய், பாடிவிட்டு, பஸ்ஸிலேயே திரும்பி வருவது. அதிலே நல்ல பெயர் எடுத்தீர்கள். உங்கள் வீட்டுச் சுவரில் தொங்கிய விளம்பரத் தாள்களில் ஒவ்வொரு ஊர்க்காரரும் உங்கள் பெயரை ஒவ்வொரு விதமாக எழுதியிருந்தார்கள். பிழையாக என்றாலும் போடுகிறார்களே என்பீர்கள்.

"ஓப்பராவில் வேடம் உன்னைக் காப்பாற்றும். கச்சேரியில் நீ மட்டும்தான் நிற்கிறாய், கையை எங்கே வைப்பதென்றும் தெரியாது." அடிக்கடி சொல்வீர்கள். அவர் போன பிறகு என் வாழ்க்கை அப்படித்தான் இருந்தது. மனைவி என்ற வேடம் கழன்றுவிட்டது, மகள் கலியாணமாகிப் பக்கத்து நகரமான மார்க்கத்துக்குப் போய்விட்டாள். கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் நின்ற ஆள்தான் நானும்.

பாடுகிற நாளில் நீங்கள் விடிந்ததிலிருந்து வாய் திறக்க மாட்டீர்கள். அது உங்கள் விரதம். எனக்குத் தெரியாமல் ஒரு நாள் மேலே வந்து கேள்விக்கு மேல் கேள்வி கேட்டு, பதில் வராததால் கோபித்துக்கொண்டு இறங்கிப் போனேன். பின்னேரம் கச்சேரி முடிந்து வந்து, நான் காலையில் கேட்ட கேள்விகள் எல்லாவற்றுக்கும் வரிசையாகப் பதில் சொன்னீர்கள். ஓம், சோறு சாப்பிட்டேன். இல்லை, தண்ணீர்க் குழாய் இன்னும் திருத்தவில்லை. ஓம், சால்வை போட்டுக்கொண்டுதான் போனேன்.

குரலுக்கு வயதானதும் செத்தவீடுகள் மட்டும் மிஞ்சின. இறந்தவர்கள் விமர்சனம் எழுதுவதில்லை என்றீர்கள். அந்தக் கோயிலில் உங்களுக்குப் பிறகு ஆளே எடுக்கவில்லை, பதிந்த பாட்டைப் போட ஸ்பீக்கர் பூட்டிவிட்டார்கள். அதுதான் உங்களுக்கு ஆறவில்லை. போன மார்கழியில், மூச்சு எடுக்கவே கஷ்டப்பட்டுக் கட்டிலில் சாய்ந்திருந்தபோது என் கையைப் பிடித்தீர்கள்.

"எனக்கு ஸ்பீக்கர்ப் பெட்டியிலிருந்து வருகிற பாட்டு வேண்டாம். உயிருள்ள ஒருத்தி வேண்டும். அன்றைக்கு உன் கணவனுக்குச் செய்தாயே, அது."

அதற்கு நீங்கள் முதலில் சாக வேண்டுமே அக்கா என்றேன். செய்கிறேன், அவசரமில்லையே என்றீர்கள். இருவரும் சிரித்தோம். பிறகு நான் ஓம் என்றேன். ஓம் என்றால் என்ன என்று உங்களுக்குத் தெரியும்.

தை மாதம் போய்விட்டீர்கள். உங்களுக்கென்று உறவு யாரும் இல்லை. நீங்களே முன்கூட்டி எழுதிவைத்தபடி பூசை இல்லை, ஒரு சின்ன மண்டபம், உடனே எரிப்பது. அன்று விடிந்ததிலிருந்து நான் வாய் திறக்கவில்லை. உங்கள் விரதம்தான். மகள் நிரோஷா மார்க்கத்திலிருந்து அழைத்தாள். எடுத்துக் காதில் வைத்துக்கொண்டு பேசாமல் இருந்தேன். "ஏனம்மா கதைக்கிறியள் இல்லை? ஆர் யூ ஓகே? நில்லுங்கோ, நான் இப்ப வாறன்" என்று பதறி, காரை எடுத்துக்கொண்டு வந்துவிட்டாள். நான் தொண்டையைக் காட்டினேன். அவளுக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஆனாலும் கூட வந்தாள்.

மண்டபத்தில் நாங்கள் ஐந்து பேர். நான், மகள், நம் கட்டடத்தைப் பராமரிக்கிற சூப்பரின்டென்டன்ட், ஓர்கன் வாசித்த அந்தப் பழைய மனிதர், செக் ஆட்களின் சங்கத்திலிருந்து ஒரு வயோதிபர். அவர் உங்களை ஒரு தடவையும் பார்த்ததில்லையாம். பத்திரிகையில் பெயரைக் கண்டு வந்தாராம். மண்டபத்து இளைஞன் ஒருவன் வந்து வணக்கம் சொல்லி, உங்கள் வாழ்க்கையை மூன்று வசனத்தில் முடித்தான். பெட்டி மேடையில் இருந்தது, அதற்கு இரண்டு பக்கமும் ஒதுக்கிய திரை. இதுதான் நேரம் என்று தெரிந்தது. எழும்பினேன். மகள் என் சீலைத் தலைப்பைப் பிடித்து இழுத்தாள், நான் உதறினேன். மூச்சை எடுத்தேன்.

அப்போது ஸ்பீக்கரில் ஒரு மூச்சுச் சத்தம் கேட்டது.

அந்த வயோதிபர் ஏதோ ஒரு பாட்டைக் கொண்டுவந்து இளைஞனிடம் கொடுத்திருக்கிறார். தன் நாட்டுப் பெண்ணுக்குத் தன் நாட்டுப் பாட்டு ஒன்று போகட்டும் என்று நினைத்திருக்கிறார். தன் வீட்டிலிருந்த ஒரு பழைய தட்டு. உறையில் பாடியவரின் பெயர் இல்லை. அவருக்குத் தெரியாது, அக்கா. எனக்கு அந்த மூச்சிலேயே தெரிந்துவிட்டது. எத்தனை வருஷம் பல் துலக்கிக்கொண்டு கேட்டிருக்கிறேன். பாட்டும் தெரிந்த பாட்டுத்தான், ஞாயிற்றுக்கிழமைகளில் குளியலறையில் நீங்கள் முணுமுணுப்பது. குரல்தான் நான் கேட்டிராத குரல். இருபத்தாறு வயதுக் குரல். ஒரு சுருக்கமில்லை.

நீங்கள் ஸ்பீக்கர்ப் பாட்டு வேண்டாம் என்றீர்கள். ஒருவர் பாடும்போது மேலே விழுந்து பாடக் கூடாது என்றும் நீங்கள்தான் சொன்னீர்கள். நான் என்ன செய்ய? எடுத்த மூச்சோடு அப்படியே நின்றேன். இரண்டு கைகளையும் வயிற்றுக்கு முன்னால் கோத்துக்கொண்டேன். நீங்கள் பாடி முடிக்கட்டும், பிறகு நான் என்று காத்திருந்தேன். பாட்டு முடிந்தது. முடிந்த அந்தக் கணத்திலேயே எங்கோ ஒரு மோட்டார் இயங்கியது. திரை மூடிப் பெட்டியை மறைத்தது. இளைஞன் மெத்தப் பணிவாக, அடுத்த குடும்பம் வெளியே நிற்கிறது என்றான். மகள் என் தோளை அணைத்துக்கொண்டு, "வாங்கோ அம்மா, முடிஞ்சுது" என்றாள்.

பார்க்கிங்கில் அந்த வயோதிபரிடம் போனேன். பாடியது அவதான் என்றேன். அன்று முழுவதும் நான் பேசிய முதல் சொல் அது. அவர் என்னைப் பார்த்தார், மண்டபத்தைப் பார்த்தார், தொப்பியைக் கழற்றினார். பனி அவர் மொட்டைத் தலையில் விழுந்துகொண்டிருந்தது. என்னால் அதற்கு மேல் நிற்க முடியவில்லை.

அன்றிலிருந்து அந்த அழுகை எனக்குள்ளே கிடக்கிறது. வீட்டில் அழுதுபார்த்தேன், கண்ணீர்தான் வந்தது, இராகம் வரவில்லை. நிரோஷா ஒவ்வொரு கிழமையும் கேட்கிறாள். "தனிய இருந்து என்ன செய்யப்போறியள்? பேஸ்மன்ற் சும்மாதானே கிடக்கு, வாங்கோவன்." நல்ல பிள்ளை. அவளுக்கு எப்படிச் சொல்வேன்? அங்கே நிலவறைக்குப் போனால் எனக்கு மேலே இருப்பது என் மகள் சமைக்கிற குசினி. இங்கே எனக்கு மேலே நீங்கள் இருந்த இடம் இருக்கிறது. ஆனால் தனிமைதான், அக்கா. பொய் சொல்ல மாட்டேன். வீட்டில் தமிழ்த் தொலைக்காட்சி ஓடுகிறது, கடையில் தமிழ், கோயிலில் தமிழ். பேசுவதற்கு ஆயிரம் பேர். ஒரு சொல்லை நீளமாகப் பிடித்தால் அது என்ன சொல் என்று கேட்க ஒருவரும் இல்லை.

இப்போது இன்று காலைக்கு வருகிறேன்.

வென்டுக்குக் கீழே நின்றேன் என்று சொன்னேன் அல்லவா. மீன் மணத்தோடு ஒரு பாட்டும் வந்தது. அந்தப் பிலிப்பீன்ஸ் பெண்தான், குழந்தைக்குப் பாடுகிறாள் போலிருக்கிறது. படித்த குரல் இல்லை, நடுநடுவே மீன் பிரட்டுகிற சத்தம் வேறு. ஆனால் உயிருள்ள ஒருத்தியின் குரல், அந்த இடத்திலிருந்து வருகிறது. என் தொண்டையில் கிடந்தது எழும்பியது. நான் அடக்கிக்கொண்டேன். அவள் முடிக்கும்வரை, கைகளைக் கோத்துக்கொண்டு நின்றேன். அவள் முடித்தாள்.

அதன் பிறகு நான் தொடங்கினேன். ஒப்பாரியில் நீங்கள், வாங்கோ எல்லாம் கிடையாது, அதனால் மரியாதைக் குறைவென்று நினைக்க வேண்டாம்.

"ஸ்ரேசனிலை நிண்டு ஊர்ப்பேர் கூப்பிட்ட என்ர அக்கா,
ஊரெல்லாம் உன்ர பாட்டிருக்க பேரழிச்சுப் போட்டினமே,
கையுறை வித்த கையோடை கச்சேரிக்குப் போனவளே,
செத்தவைக்கெல்லாம் பாடினியே, உனக்குப் பாட ஆரிருக்கினம்..."

எங்கெங்கோ போனது. டாங்கி வந்தது, வியன்னா வந்தது, மடியில் விழுந்த தடித்த கதாநாயகன்கூட வந்தான். பல்லுக்குத்து அம்மாவும் வந்தா. கடைசியில் பெயர் சொல்ல வேண்டிய இடம் வந்தது. அக்கா என்று முடிக்கத்தான் வாய் போனது. நிறுத்தி மூச்செடுத்து, உங்கள் பெயரைக் கூப்பிட்டேன். இத்தனை வருஷத்தில் முதல் தடவை. கடைசியில் இழுக்காமல், நடுவில் நின்றேன். கட்டடத்தின் கடைசி மாடிக்கும் கேட்டிருக்கும்.

இந்த மடலில் அந்தப் பெயரை எழுதவில்லை. எழுதினால் நானும் ஏதாவது ஒரு எழுத்தைப் பிழையாகத்தான் எழுதுவேன். கூப்பிட்டது சரியாக வந்தது, அது போதும். இனி எங்கே போனாலும், மார்க்கத்துக்குப் போனாலும்கூட, அந்தப் பெயர் என் தொண்டையில் இருக்கும்.

முடித்த பிறகு நிமிர்ந்து பார்த்தேன். மேலே ஒரு சத்தமும் இல்லை. சட்டியில் மீன் பிரட்டுகிற சத்தமும் இல்லை, குழந்தையின் சத்தமும் இல்லை. நான் தொடங்கியபோதே அவள் அடுப்பை நிறுத்தியிருக்கிறாள். சற்று நேரம் கழித்து அடுப்பு மூட்டுகிற டிக் டிக் சத்தம் கேட்டது, எண்ணெய் மறுபடி பொரியத் தொடங்கியது.

நான் அந்தக் கம்பிச் சதுரத்தைப் பார்த்துத் தலை குனிந்தேன்.

உங்கள் தங்கை